புதன்கிழமை வராத வயிற்றுவலி

என் மகள் நிலானிக்கு முதல்முறை வயிறு வலித்த காலையில் நான் அவளை நம்பினேன். இரண்டாம் முறையும் நம்பினேன். நான்காம் முறை, ஒரு காலில் மட்டும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வயிற்றைப் பிடித்தபடி வாசலில் குந்தியபோது, இது நடிப்பு என்று முடிவுகட்டிவிட்டேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. சுவிட்சர்லாந்தின் ஊஸ்டரில் இரண்டாம் வகுப்பு.

காலையில் பிள்ளை ‘ஏலாது’ என்று அழும்போது மணிக்கூட்டைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நான் லேசில் யாரையும் நம்பாதவள். அகதி விசாரணையில் ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்டவர்களிடம் பழகியதோ, பிறவிக் குணமோ தெரியாது.

வலி வந்த நாட்களைச் சமையலறை நாட்காட்டியில் குறித்தேன். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி வலித்தது. சனி, ஞாயிறில் இல்லை. புதனிலும் இல்லை. இங்கே புதன் பின்னேரம் வகுப்பு இல்லை. பிள்ளைகள் மதியத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மற்ற நாட்களில் எனக்கு வேலை என்பதால் அவளுக்கு மதியச் சாப்பாடும் பாடசாலையில்தான்.

“வயித்துக்கு நாள் பாக்கத் தெரியுமோ?” என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பிள்ளையைப் போட்டு வதைக்காதையும்” என்றார் கணவர். அவர் உணவகச் சமையலறையில் வேலை செய்துவிட்டு இரவில்தான் வருவார். காலைச் சண்டையைப் பார்க்காதவருக்குச் செல்லம் கொடுப்பது சுலபம் என்று அவர்மீதும் எரிச்சல்பட்டேன்.

பிள்ளை வராத நாளில் முதல் பாடத்துக்கு முன் பாடசாலைக்குக் காரணம் அறிவிக்க வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் ‘காய்ச்சல்’ என்றே எழுதினேன். காய்ச்சல் என்றால் யாரும் மேலே துருவமாட்டார்கள். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் வேறு போய்க்கொண்டிருந்தது. பிள்ளை பாடசாலைக்குப் போக மறுக்கிறாள் என்று ஒரு கோப்பில் ஏறினால் என்ன ஆகுமோ என்று பயந்தேன்.

ஆறு வாரத்தில் ஒன்பது காய்ச்சல். வகுப்பாசிரியை கூப்பிட்டார். “வீட்டில் எல்லாம் நலமா?” என்று மென்மையாகக் கேட்டார். அந்த மென்மையை நான் நம்பவில்லை. உங்கள் பாடசாலையில்தான் ஏதோ இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, எல்லாம் நலம் என்று பதில் சொல்லித் திரும்பி வந்தேன்.

அன்றிலிருந்து உளவு பார்க்கத் தொடங்கினேன். யாராவது நிறத்தைச் சொல்லி நையாண்டி பண்ணுகிறார்களோ என்று அவளுடைய கொப்பிகளைப் புரட்டினேன். ஒருநாள் இடைவேளை நேரத்தில் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அவள் இரண்டு பிள்ளைகளோடு கயிறு துள்ளிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பின்னேரம் அவளுடைய தண்ணீர்ப் போத்தல் திறக்காமலே வந்திருந்தது. அதற்கும் ஏசினேன்.

குழந்தை மருத்துவரிடம் போனதுகூட, இவளுக்கு ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கத்தான். அவர் வயிற்றை மெல்ல அழுத்தினார். இடது பக்கம் அடியில் கை நின்றது.

“எத்தனை நாளுக்கு ஒருமுறை மலம் போகிறாள்?”

எனக்குத் தெரியவில்லை. ஐந்து வயதிலிருந்தே அவள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் போகிறவள்.

மருத்துவர் அவளிடம் திரும்பினார். “பாடசாலைக் கழிப்பறைக்குப் போவாயா?” இல்லை என்று தலையாட்டினாள். ஏன் என்று கேட்டபோது என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்:

“அங்க தண்ணி இல்லையம்மா. பேப்பர் மட்டும்தான். கழுவாமல் வந்தால் ஊத்தை, சாமியறைக்க வரக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

எங்கள் கழிப்பறையில் எப்போதும் வாளியும் குவளையும் இருக்கும். நான் அப்படிச் சொன்னது உண்மை. ஒருமுறை அல்ல, பலமுறை. அதை மருத்துவருக்கு நான்தான் ஜெர்மனில் சொல்லவேண்டியிருந்தது.

நோயின் பெயர் செயல்நிலை மலச்சிக்கல் (குடலில் வேறு கோளாறு இல்லாமல், அடக்கி அடக்கி மலம் இறுகிப்போவது). காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடல் அசையும். அவளோ நாள் முழுக்க அடக்கவேண்டுமே என்று பயப்படுவாள்; இரண்டும் சேர்ந்து வலிக்கும். தண்ணீர் குடித்தால் போகவேண்டி வரும் என்று குடிக்காமல் இருந்திருக்கிறாள். புதனில் அரை நாள்தானே, தாங்கிக்கொள்ளலாம்.

“வலி உண்மையானது” என்றார் மருத்துவர். “ஆனால் வீட்டில் நிறுத்தாதீர்கள். நின்றால் பயம்தான் வளரும்.”

மக்ரோகோல் (குடலில் தண்ணீரைத் தக்கவைத்து மலத்தை இளக்கும் தூள்) தந்தார். காலையில் சாப்பிட்டதும் காலுக்கு ஒரு முக்காலி வைத்துப் பத்து நிமிடம் கழிப்பறையில் இருத்தச் சொன்னார். மாதக் கணக்காகும் என்றார். நான் அதையும் நம்பவில்லை. மருந்துக்குப் பழகிவிடுவாள் என்று மூன்றாம் வாரமே அளவைப் பாதியாக்கினேன். வலி திரும்பி வந்தது. அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

ஆசிரியையிடம் போய், காய்ச்சல் என்று எழுதியதெல்லாம் பொய் என்று சொன்னேன். தண்ணீர் விஷயத்தையும் சொன்னேன். அவருடைய முகத்தில் இளக்காரம் தெரிகிறதா என்று தேடினேன். அவர் எழுந்துபோய், உள்ளேயே கைகழுவும் தொட்டி இருக்கிற பெரிய கழிப்பறையின் சாவியை எடுத்து வந்தார். “கேட்காமலே எடுத்துக்கொண்டு போகட்டும்” என்றார். கழுவத் தண்ணீர் பிடிக்க ஒரு சிறு போத்தலை அங்கேயே வைத்தோம்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். இப்போது அவள் எந்த நாளும் பாடசாலையைத் தவறவிடுவதில்லை. காலையில் கால்மணி நேரம் முன்னதாக எழும்புகிறோம். அவள் கழிப்பறையில் இருக்க, நான் மணிக்கூட்டைப் பார்க்காமல் வெளியே நிலத்தில் இருக்கிறேன். அப்படி இருந்த ஒருநாள்தான் என் உடம்பும் நினைவுக்கு வந்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சலவை அறையில் பதினாறு வருடமாக நானும் அடக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு ஓடி வருகிறேன். அதை ஒரு பழக்கமென்றுகூட நான் நினைத்ததில்லை.

வயிறு சுகமாகிவிட்டது. ஆனால் பாடசாலை விட்டு வந்ததும், நான் கேட்காமலே, சப்பாத்தைக் கழற்றியபடி அவள் சொல்கிறாள்:

“இண்டைக்குப் போனனான் அம்மா. பொய் இல்லை.”