மின்சாரம் கடத்தும் கறித்தூள்

கடிதத்தின் நான்காவது பந்தியில் அந்தக் கேள்வி இருந்தது. ஆங்கிலத்தில்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “விண்ணப்பதாரர் பயன்படுத்தும் கறித்தூள் வறுத்ததா, வறுக்காததா என்பதைத் தெளிவுபடுத்தவும்.”

கொழும்பில் பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமை, விண்ணப்பங்களைப் பரிசோதிக்கும் அலுவலகத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடிதம் அது. எனக்கு வந்ததல்ல — தங்கராஜுக்கு வந்தது. அவருடைய விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவன் நான் என்பதால், உறையைக்கூடப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவ்வளவு நம்பிக்கை.

பத்திரிகையில் வாராவாரம் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் பிழைப்புத் தெரியும். கண்டி நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு ரப்பர் முத்திரை. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகப் பதிவு... இவைதான் என் இலக்கியம்.

தங்கராஜ், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் டிவி, ரேடியோ திருத்துகிறவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வீடு ஹந்தானையில். காலையில் மலையிலிருந்து இறங்கி வருவார், பொழுது சாய்ந்தால் ஏறிப் போவார். இடையில் ஒரு கண்டுபிடிப்பு செய்துவிட்டார்.

உங்கள் வீட்டு ரிமோட்டில் முதலில் சாகும் பட்டன் எது? சத்தத்தைக் கூட்டுவது. பட்டனுக்கு அடியில் மின்சாரம் கடத்தும் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கிறது. அமத்தி அமத்தி அது தேய்ந்துபோகிறது. பிறகு நாம் என்ன செய்வோம்? ரிமோட்டை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டுவோம். அதுவும் பலிக்காவிட்டால் வீட்டிலுள்ள யாரையாவது திட்டுவோம்.

தங்கராஜ் அந்தப் பொட்டைப் புதிதாகச் செய்தார். பிசின் மின்சாரம் கடத்தாது. அதற்குள் கடத்தக்கூடிய தூளைக் கலந்தால் கடத்தும். ஆனால் தூள் கூடிவிட்டால் பொட்டு கல்லாகி வெடித்துவிடும். குறைந்துவிட்டால் மின்சாரம் வராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைப் பிடிக்க அவருக்கு மூன்று வருடம் பிடித்தது. அதையெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் பதினொரு பக்கத்துக்கு எழுதி, தமிழ்ப் பிரதியோடு ஆங்கிலப் பிரதியும் அனுப்பவேண்டும் என்று என்னிடம் வந்தார்.

முதல் பக்கத்திலேயே கலவை இருந்தது. “பிசின் இரண்டு பங்கு, கறித்தூள் ஒரு பங்கு, இரும்புத்தூள் கொஞ்சம்.”

கறித்தூளா?

எங்கள் தொழிலுக்கு ஒரு விதி உண்டு. எழுதியிருப்பதை மொழிபெயர்க்க வேண்டும். சேர்க்கவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பிறப்புச் சான்றிதழில் ஒருவருடைய தகப்பன் அவரைவிட இளையவராக இருந்தாலும் அப்படியே மொழிபெயர்த்து முத்திரை குத்துவேன். இருந்தாலும் நான் பொறுப்பில்லாதவன் அல்ல. ஃபோன் பண்ணிக் கேட்டேன்.

“தங்கராஜ், கறித்தூள்னு எழுதியிருக்கீங்களே... கறித்தூள்தானா?”

“ஆமாங்க சேர், கறித்தூள்தான். அதுதாங்க முக்கியமே.”

அப்படித்தான் என் காதில் விழுந்தது. இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படி உறுதிப்படுத்துவது? எனக்கு அதில் பெரிய ஆச்சரியமும் வரவில்லை. என்னைப் போன்றவனுக்கு உடனே விளங்கிவிட்டால் அது என்ன கண்டுபிடிப்பு? பதினொரு பக்கத்திலும் கறித்தூளைக் கறித்தூளாகவே ஆங்கிலத்தில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

அதற்குத்தான் இந்தக் கடிதம். பரிசோதகர் மிகவும் பொறுப்பாக எழுதியிருந்தார். பிசினில் கறித்தூள் கலந்ததாக உலகத்தில் எந்த ஆவணமும் இல்லை. ஆகவே புதுமை உண்டு. இந்தத் துறையில் அனுபவமுள்ள எவருக்கும் இது தோன்றியிருக்காது; ஆகவே கண்டுபிடிப்புத் திறனும் உண்டு. தொழிலுக்குப் பயன்படுமா என்பதில்தான் சந்தேகம். ஆகவே... வறுத்ததா, வறுக்காததா?

கடிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

“ரெண்டு பாடம் பாஸ், தங்கராஜ். ஒரே ஒரு கேள்விதான். தூள் வறுத்ததா, வறுக்காததான்னு கேக்கிறாங்க.”

சோல்டரிங் அயனைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “கம்பனியிலயே சுட்டுத்தான் சேர் வருது.”

‘வறுத்தது’ என்று குறித்துக்கொண்டேன். “அப்ப பக்கெட்ல வாங்குறதா?”

“இல்ல சேர். குப்பையில பொறுக்குறது.”

என் பேனா நின்றது. “குப்பையில... கறித்தூளா?”

“பழைய டோர்ச் பற்றரி கெடக்கும்ல சேர்? அதை உடைச்சா நடுவுல கறுப்பா ஒரு குச்சி இருக்கும். அதை இடிச்சு எடுக்குறதுதான்.”

“மல்லி, மிளகாய் எல்லாம்...?”

“என்ன மல்லி?”

 நான் அவருடைய கொப்பியைத் திறந்து அந்த எழுத்தைக் காட்டினேன். கரிக்கு வரவேண்டிய ர இல்லை. பதினொரு பக்கமும் ற.

“ஸ்கூல்ல சின்ன ர, பெரிய றன்னுதான் சேர் சொல்லிக் குடுத்தாங்க,” என்றார் தங்கராஜ் மெதுவாக. “இது பெரிய விசயமாச்சேன்னு பெரிய ற போட்டேன்.”

சிரிக்கலாம். நானும் சிரித்திருப்பேன் — சட்டத்தை விசாரிக்காமல் இருந்திருந்தால்.

விசாரித்தேன். விண்ணப்பம் போட்ட பிறகு அதற்குள் புதிதாக எதையும் நுழைக்க முடியாது. பார்த்தவுடன் தெரிகிற எழுத்துப்பிழையை மட்டும் திருத்தலாம். கறியைக் கரியாக்குவது எழுத்துப்பிழையா, புதிய சரக்கா என்பதைப் பரிசோதகர்தான் சொல்லவேண்டும். புதிய சரக்கு என்று சொல்லிவிட்டால் இந்த விண்ணப்பம் அவ்வளவுதான். புதிதாக ஒன்று போடவும் வழியில்லை. தங்கராஜ் தன் பட்டனை ஒரு கண்காட்சியில் ஊருக்கே காட்டியிருந்தார். காட்டி ஒரு வருடத்துக்குள் போடவேண்டும்; இந்த விண்ணப்பம் அதற்குள் போய்விட்டது. புதிதாகப் போடுவதற்கு அந்த ஒரு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. கண்காட்சியில் ஒரு கம்பனிக்காரர் அவருடைய மேசைக்கு மூன்று தடவை வந்து படம் வேறு எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

“அப்ப இனி யாரும் செய்யலாம்,” என்றார் தங்கராஜ். “என் பட்டனை நானும் கடையில போய் வாங்கலாம்.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். அதைக் குடிப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நல்லவேளையாக அந்தப் பரிசோதகர் அரசாங்க அலுவலகங்கள் ஊருக்கே வரும் ஒரு நடமாடும் சேவைக்காக, மாவட்டச் செயலகமான கண்டிக் கச்சேரிக்கு வருவதாகத் தெரிந்தது. போனோம். அடையாள அட்டை வரிசைக்கும் ஓய்வூதிய மேசைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண்மணி. இரசாயனம் படித்தவர். தங்கராஜோடு சிங்களத்திலும் என்னோடு ஆங்கிலத்திலும் பேசினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே செய்து பார்த்தேன்,” என்றார். “வறுத்ததிலும் செய்தேன், வறுக்காததிலும் செய்தேன். மீட்டர் முள் அசையவில்லை. வீட்டில் வாசனை மட்டும் இரண்டு நாள் இருந்தது.”

நான் நடந்ததைச் சொன்னேன். இரண்டு சொல்லுக்கும் ஒரே சத்தம்தான் என்றேன். அவர் நம்பவில்லை. பக்கத்து மேசையில் ஓய்வூதியக் கோப்பு பார்த்துக்கொண்டிருந்த தமிழ் உத்தியோகத்தரைக் கூப்பிட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ் வாசிப்பீர்களா என்று கேட்டதற்கு, “ஓம், வாசிப்பன்,” என்று வந்து நின்றார். நான் இரண்டு சொல்லையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

“ஒரே மாதிரித்தானே சத்தம் வரும்?” என்று கேட்டேன்.

“ஆர் சொன்னது?” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “கரி வேற, கறி வேற. வடிவாக் கேளுங்கோ... கரி. கறி.”

பரிசோதகர் மூன்று தடவை சொல்லச் சொன்னார். மூன்று தடவையும் வித்தியாசம் உத்தியோகத்தருடைய முகத்தில் மட்டும்தான் தெரிந்தது.

“எங்களுக்கும் இரண்டு ‘ன’ இருக்கிறது,” என்றார் அந்த அம்மா. “சொல்லும்போது ஒன்றுதான். என் மகள் பள்ளிக்கூடத்தில் தவணைக்குத் தவணை அதில்தான் மார்க்ஸை விடுகிறாள்.” பிறகு விண்ணப்பத்திலிருந்த அட்டவணையைக் காட்டினார். “இந்த அளவுகள் கறித்தூளுக்கு வரவே வராது. தொழில் தெரிந்த யார் பார்த்தாலும் கரி என்றுதான் வாசிப்பார்கள்.” பேனாவை எடுத்து, ‘எழுத்துப்பிழை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தங்கராஜ் எனக்குக் கை கொடுத்தார். நானும் கொடுத்தேன். அவசரப்பட்டுவிட்டோம்.

அந்த அம்மா பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். எல்லாம் வெளிநாட்டுப் பேட்டன்ட்கள். பிசினில் கரித்தூள் கலந்தவை. நாங்கள் பிறக்கும் முன்பே கலந்தவையும் அதில் இருந்தன.

“கறித்தூளாக இருந்தபோது இது புதுசு, வேலை செய்யாது. கரித்தூளாகிவிட்டால் வேலை செய்யும், புதுசு இல்லை,” என்றார். குரலில் கிண்டல் இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். “உங்களுடையதில் இவர்கள் செய்யாதது ஏதாவது இருக்கிறதா?”

“இருக்கு மிஸ்,” என்றார் தங்கராஜ். “நான் ஸ்பீக்கர் மேலதானே காய வைக்கிறேன்.”

“ஏன்?”

“ஸ்பீக்கருக்கு அடியில காந்தம் இருக்குல்ல? பிசின் இறுகுறதுக்குள்ள இரும்புத்தூள் எல்லாம் எழும்பி வரிசையா நிக்கும். கரியையும் இழுத்துக்கிட்டு நிக்கும். கீழ இருந்து மேல வரைக்கும் பாதை கெடைச்சிரும். அப்ப கொஞ்சத் தூளே போதும், பட்டனும் கல்லாகாது.”

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆங்கிலப் பிரதியைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். “இது இதில் இல்லையே?”

நான் தமிழ்ப் பிரதியைப் பக்கத்தில் நின்ற உத்தியோகத்தரிடம் நீட்டினேன்.

ஏனென்றால் அது இருந்தது. தமிழில் இருந்தது. யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் ஏழாம் பக்கத்திலிருந்து உரக்க வாசித்தார்: “இறுகும்வரை ஒரு பழைய ஸ்பீக்கரின் மேல் வைக்கவும்.”

அந்த வரியை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அலுமாரிக்கு மேல் வை, அடுப்புக்குப் பக்கத்தில் வை என்பதுபோல ஒரு வீட்டுக் குறிப்பு என்று நினைத்தேன். கடையில் மேசை இடம் போதாமல் ஸ்பீக்கர் மேல் வைக்கிறார், பாவம். சட்ட ஆவணத்தில் இதெல்லாம் எதற்கு? ஆங்கிலம் கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று வெட்டிவிட்டேன். குறைக்கக்கூடாது என்ற விதியை இத்தனை வருடத்தில் நான் மீறிய ஒரே இடம் அதுதான்.

“இந்த வரி எங்கே?” என்று கேட்டார் பரிசோதகர்.

“நான்தான் எடுத்துவிட்டேன்,” என்றேன். வேறு என்ன சொல்வது?

தங்கராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தார். “சேர், அது ஒண்ணுதான் என் மூளை. மத்ததெல்லாம் பற்றரிக்காரனோடது.”

அதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

தாக்கல் செய்தது தமிழ்ப் பிரதி. ஆகவே அதுதான் மூலம் என்று அந்த அம்மா சொன்னார். மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுத்தால் திரும்பவும் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். கிடைக்குமா என்று தங்கராஜ் கேட்டார். “பரிசோதிக்க இப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது,” என்றார்.

வீட்டுக்குப் போய் எழுதி அனுப்புகிறேன் என்றேன். தங்கராஜ் விடவில்லை. கச்சேரியின் நீள மர வாங்கிலேயே உட்காரவைத்தார். நான் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் எழுத, அந்த வரியைத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. பகல் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் எழும்பினோம்.

இந்தத் திங்கட்கிழமை பதில் வந்தது. இந்தத் தடவை உறையை அவரே பிரித்து வாசித்துவிட்டுத்தான் கொண்டுவந்தார். கரித்தூள் கலந்த பிசின் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் கரியையும் இரும்புத்தூளையும் காந்தத்தின் மேல் வரிசையாக நிற்கவைத்து இறுகச்செய்யும் அந்த முறைக்குப் பேட்டன்ட் வழங்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கண்டுபிடித்தவர்: முனியாண்டி தங்கராஜ்.

“அப்பா பேரும் சேந்து வந்திருக்கு சேர்,” என்றார். முனியாண்டி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் மலை வெட்டியவர். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிய விண்ணப்பத்துக்குப் பதில் வரும் முன்னரே இறந்துபோனவர். மகன் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். நான் ஒரு கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். அன்றைக்கு என்னால் முடிந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு வார்த்தை: நீளம் கூடிவிட்டது என்று இந்த வாரம் எந்த வரியையும் வெட்டிவிடாதீர்கள். எது முக்கியமான வரி என்று எழுதிய எனக்கே தெரியாது.