அர்மான் வீட்டில் ஆள் இருக்கிறது

குளிர்காலத்தை ஃபுளோரிடாவில் கழிக்கப் போகிறவர்கள் எங்கள் ஊரில் வீட்டுச் சாவியை ஒவிலாவிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். காலி வீட்டைக் காலி என்று தெரியாமல் வைத்திருப்பதில் கனடாவின் கியூபெக் மாகாணத்திலேயே தனக்கு நிகர் கிடையாது என்பது அவர் எண்ணம். மறுத்துப் பேச ஊரில் யாருக்கும் நேரமில்லை.

கணப்பை மூட்டிக் குழாய் உறையாமல் பார்த்துக்கொள்வதை எவரும் செய்வார்கள். ஒவிலா அதோடு நிற்கமாட்டார். பனியில் கால்தடமே இல்லாத வாசலைப் பார்த்தால் திருடனுக்கு விஷயம் புரிந்துவிடும் அல்லவா? அதனால், சாவி கொடுத்துப் போனவர்களில் ஒருவரான அர்மானின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் விறகுக் கொட்டகைக்கும் நடப்பார். அர்மான் மனைவியின் சின்ன பூட்ஸைக் கைகளில் மாட்டிக்கொண்டு, குனிந்தபடியே பக்கத்தில் இன்னொரு வரிசை தடமும் பதிப்பார்.

“கணவனும் மனைவியும் ரொம்பத்தான் ஒட்டிக்கிட்டு நடக்குறாங்க. அந்த வீட்ல அப்படி நடந்து நான் பார்த்ததே இல்ல,” என்றாள் அவர் மனைவி பெர்த்.

அந்த வருடம் அர்மான் விடிவதற்குள் கிளம்பிப் போயிருந்தார். பக்கத்து ஊரில் இரண்டு வீடுகளில் திருட்டு. “நான் ஊர்ல இல்லைன்னு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. முக்கியமா என் தங்கச்சிக்கு. அவகிட்ட சொன்னா ரேடியோல சொன்ன மாதிரி,” என்று சத்தியம் வாங்கியிருந்தார். வாக்குத் தவறினால் சாவி போய்விடும். ஒரு சாவி போனால் மற்றவையும் போகும். சாவிகள் இல்லாத ஒவிலா வெறும் ஓய்வூதியக்காரர்.

புத்தாண்டுக் காலையில் அவர் அர்மான் வீட்டுக் கணப்பில் விறகு போட்டுக்கொண்டிருந்தபோது கதவு அதிர்ந்தது. தங்கை யோலாந்த்.

“அண்ணா! புகை வருது, ரேடியோ பாடுது, வாசல்ல தடம் இருக்கு. கதவைத் திற! அப்பா போனப்புறம் புத்தாண்டு ஆசீர்வாதம் பண்ண வேண்டிய மூத்தவன் நீதான். ஒவ்வொரு வருஷமும் டெலிபோன்ல பண்ணுவ. இந்த வருஷம் ஊர்லயே உட்கார்ந்துக்கிட்டு ஒளியுறியா?”

ஒவிலா கையிலிருந்த விறகைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

“சரி. ஆசீர்வாதம் கிடைக்கிற வரைக்கும் இங்கயே பனியில முட்டி போடுறேன். விறைச்சுச் செத்தா உன் வாசல்லதான்.”

ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். உண்மையாகவே முட்டி போட்டிருந்தாள். எழுபது தாண்டியவள். திறந்தால் வாக்குப் போச்சு. திறக்காவிட்டால் யோலாந்த் போச்சு. ஒவிலா கதவிலிருந்த தபால் துவாரத்தில் வாயை வைத்து, சளி பிடித்தவர் போலக் கரகரத்தார்.

“ஆண்டவர் உனக்கு நல்ல சுகம் குடுக்கட்டும். கடைசியில சொர்க்கமும் குடுக்கட்டும். எழுந்து போ. எனக்குக் காய்ச்சல், ஒட்டிக்கும்.”



“அம்மாவோட ஆடுநாற்காலி? அதையும் குடுப்பியா?” என்றாள்.

அந்த நாற்காலிக்காக அண்ணனும் தங்கையும் அம்மாவின் அடக்கத்தன்றே சண்டை பிடித்தவர்கள். ஒவிலாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அவள் இன்னும் முட்டி போட்டிருந்தாள்.

“எடுத்துக்கோ! முதல்ல எழுந்திரு.”

“இப்பவே எடுத்துக்கறேன். கதவைத் திற, ஒவிலா.”

திறந்தார். வேறென்ன செய்வது? யோலாந்த் பாவாடையில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்து, கணப்போரம் இருந்த நாற்காலியைத் தடவிப் பார்த்தாள்.

“எப்படிக் கண்டுபிடிச்ச? குரல் சரியாத்தானே இருந்துச்சு?”

“குரல் அப்படியே அவனேதான். ஆனா கேட்டதும் குடுக்குறவனா என் அண்ணன்?”

“யோலாந்த், இதை எடுத்துட்டுப் போனா அர்மான் என்னைக் கொன்னுடுவார்.”

“புத்தாண்டு அன்னிக்கு மூத்தவர் வாயால வந்த வார்த்தை, மாத்தக்கூடாது. இல்லேன்னா இந்த வீடு காலின்னு பூசைக்கு வந்தவங்க எல்லார்கிட்டயும் சொல்லட்டுமா? இன்னும் மாதா கோயில் வாசல்லதான் நிக்குறாங்க.”

ஒவிலா யோசித்தார். வீடு காலி என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் வாக்கு. நாற்காலியைப் பற்றி வாக்கில் ஒன்றுமில்லை.

“அந்தப் பக்கம் பிடி,” என்றாள் யோலாந்த். “பார்த்து, கதவுல கீறல் விழுந்துடப் போகுது.”

கீறல் விழாமல் வெளியே இறக்கி, வாசலில் நின்ற அவளுடைய பனிச் சறுக்குவண்டியில் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். பிறகு திருடர்கள் நடமாடும் காலமாயிற்றே என்று கதவைப் பூட்டி, இரண்டு முறை இழுத்தும் பார்த்தார்.