வட்டத்துக்குள் மூதூர்

கமலாதேவி டீச்சரின் எரிச்சலுக்கெல்லாம் காரணம் ஒரு சிவப்பு வட்டம். பட்டணத்தில், ஓர்ஸ் ஹில்லில் இருந்த கல்விக் கந்தோரின் சுவரில் அது தொங்கியது.

திருகோணமலை மாவட்டத்தின் தேசப்படம் அது. பட்டணத்தின் மேல் ஓர் ஊசி, ஊசியைச் சுற்றி வட்டம். வட்டத்துக்கு வெளியே இருக்கிற பள்ளிக்கூடங்கள் கஷ்டப் பிரதேசம், உள்ளே இருப்பவை வசதிப் பிரதேசம். கஷ்டப் பிரதேசத்தில் நாலு வருடம் படிப்பித்தவர்களுக்குச் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றம் கிடைக்கும். மூதூர் வட்டத்துக்குள் கிடந்தது. படத்தில் பட்டணத்துக்கும் மூதூருக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு நீலம், அவ்வளவுதான். கொட்டியாரக்குடாவைத்தான் அப்படி நீலமாக அடித்திருந்தார்கள்.

கமலாதேவிக்குச் சொந்த ஊர் சாம்பல்தீவு. மூதூரில் புவியியல் படிப்பிக்க வந்து ஐந்து வருடம் முடிந்திருந்தது. பிரசவ லீவு முடிந்த கையோடு வந்த நியமனம். கணவருக்குக் கொழும்பில் வேலை. கைக்குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு, “நாலு வருசந்தானே” என்று குடாவைக் கடக்கிற மோட்டார்ப் படகான லோஞ்சில் ஏறியவள். அவள் அறையெடுத்திருந்த வீட்டுக்காரி றுக்கியா எத்தனையோ தரம் கேட்டுவிட்டாள்.

“டீச்சர், புள்ளயக் கொண்டு வாங்க. நீங்க பள்ளிக்கூடம் போற நேரம் நான் பாக்கிறன். எனக்கு ஆறு புள்ள, ஏழாவது பாரமா?”

“இல்லை ராத்தா, அடுத்த வருசம் எனக்கு மாற்றம் வந்திடும். ஏன் பிள்ளையை அலைக்கழிப்பான்?”

அடுத்த வருடம் வந்தது, போனது. மாற்றம் வரவில்லை. போய்க் கேட்டபோதுதான் வட்டத்தைக் காட்டினார்கள்.

அந்த ஐப்பசியில் வீட்டுக்குப் போனபோது படலையில் நின்ற மகள் உள்ளே திரும்பிச் சத்தம் போட்டாள்.

“அம்மா! டீச்சர் வந்திட்டா!”

அம்மா என்றது அக்காவை. அக்கா குசினியிலிருந்து ஓடி வந்து பிள்ளையின் வாயைப் பொத்தினாள். கமலாதேவி சிரித்தாள். “ஊரெல்லாம் டீச்சர் எண்டால் அவள் வேற என்ன சொல்லுவாள்?” என்றாள். 

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகாமல் நேரே கந்தோருக்குப் போனாள். அதிகாரி குணரத்தினம் நல்ல மனிதர், கதிரை தந்தார். அடிமட்டத்தை எடுத்துப் படத்தில் வைத்து அளந்தும் காட்டினார்.

“பாருங்கோ டீச்சர், கிட்டத்தானே. ஒரு விரல்.”

“சேர், அந்த விரலுக்குள்ள கடல் கிடக்கு. வாடை அடிச்சால் லோஞ்சு ஓடாது. தரையால எண்டால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி எண்டு நாலு துறையில பாதை ஏறி இறங்கவேணும்.” பாதை என்று அவள் சொன்னது பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றிக் கயிற்றால் இழுக்கிற மிதவையை.

“தூரத்தை வைச்சுத்தான் பிரிச்சிருக்கிறம். ஏதாவது ஒரு அளவு வேணுமே.”

“நானும் இதைத்தான் படிப்பிக்கிறன் சேர். மழையைக் கேட்டால் மூதூர் யாழ்ப்பாணத்தோட சேரும், ரெண்டும் உலர் வலயம். நெல்லைக் கேட்டால் வேற ஊரோட சேரும். எந்தப் பிரதேசமும் தானாய்க் கிடக்கிறதில்லை, நாங்கள் என்ன கேள்வி கேக்கிறமோ அதுக்குத் தக்கபடி வாறது. நீங்கள் எத்தனை மைல் எண்டு கேட்டனீங்கள். ஒரு மனுசர் போய்ச் சேர எவ்வளவு நேரம் எண்டு கேக்கேல்லை.”

குணரத்தினம் பேனையைத் தட்டிக்கொண்டு யோசித்தார். “சரி. நானே ஒருக்கால் வந்து பாக்கிறன்.”

வந்தார். கமலாதேவியின் கெட்ட காலம், அன்று கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது. லோஞ்சிலிருந்து இறங்கும்போது அவருடைய சேட்டில் ஒரு துளி தண்ணீர்கூட இல்லை.

“என்ன டீச்சர், வடிவான பயணம்! டொல்பின்கூடப் பாத்தனான். இதையோ கஷ்டம் எண்டு சொன்னனீங்கள்?”

அவளுக்குக் கடலுக்குள் பாயலாம் போலிருந்தது. அதிகாரியைச் சாப்பிட வீட்டுக்குக் கூட்டிவந்தபோது றுக்கியா வாசலில் நின்று முக்காட்டுக்குள் முணுமுணுத்தாள். “வட்டத்துக்குள்ள பாதி கடலாமே டீச்சர். மீனுக்கெல்லாம் வசதிப் பிரதேசம் போல.”

றுக்கியா வீட்டுச் சாப்பாட்டை ஒரு கை பார்த்துவிட்டு அதிகாரி எழும்பும்போது வானம் கறுத்தது. மழையோடு காற்றும் கிளம்பியது. லோஞ்சுக்காரர் ஜெட்டியில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, “இண்டைக்கு ஏலாது” என்றார். நாளைக்கும் ஏலாது என்று காற்றே சொல்லிற்று. அதிகாரிக்கு அடுத்த நாள் கூட்டம். தரையால் போகிறேன் என்று புறப்பட்டார்.

இறால்குழியில் நனைந்தார். கங்கையில் பாதை அக்கரையில் நின்றது. ஆறு பெருகி ஓட, இழுக்கிறவர்கள் கையை விரித்துவிட்டார்கள். இரவைத் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் கழித்தார். உப்பாற்றில் ஒரு சப்பாத்து சேற்றோடு போனது. கிண்ணியாவில் அவர் மற்றச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை ஊரே பார்த்ததாம். கூட்டம் அவர் இல்லாமலே முடிந்தது.

செய்தி மூதூருக்கு வந்தபோது கமலாதேவி ஐந்து வருடத்தில் முதல் தடவையாக வயிறு குலுங்கச் சிரித்தாள். “இனி விளங்கும்” என்றாள்.

விளங்கத்தான் செய்தது. மார்கழி முடியுமுன் வட்டம் அழிந்தது. மூதூர்ப் பக்கம் முழுக்கக் கஷ்டப் பிரதேசமாயிற்று. ஆசிரியர் அறையில் கைதட்டினார்கள். அதிபர் சுற்றறிக்கையை வாசித்துக்கொண்டே போய்க் கடைசி வரியில் குரலை இறக்கினார். கஷ்டப் பிரதேசச் சேவை வருகிற தை முதலாம் திகதியிலிருந்தே கணக்கில் எடுக்கப்படும். நாலு வருடம் முடியும்வரை அங்கிருந்து எவருக்கும் மாற்றம் இல்லை.

அப்படியென்றால் ஐந்து வருடமும் தண்ணீரில் போயிற்று.

“கேட்டு வாங்கின கஷ்டம், டீச்சர்” என்றார் கணித வாத்தியார் அபூதாஹிர், பகிடியாக. அவள் முகத்தைப் பார்த்ததும், “மன்னிச்சிக்கொள்ளுங்க” என்று வெற்றிலையைத் துப்ப வெளியே போனார்.

குணரத்தினத்திடம் மறுபடி போனாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “பின்னோக்கிக் கணக்கெடுக்க எனக்கு அதிகாரமில்லை டீச்சர். படத்தை மாத்தலாம், போன காலத்தை மாத்தேலாது. நீங்கள் சொன்னபடியால்தானே இவ்வளவாவது நடந்தது.”

நன்றி சொல்லவா, படத்தைக் கிழிக்கவா என்று தெரியாமல் எழும்பி வந்தாள். யாரை ஏசுவது? வட்டம் கீறியவரையா, அதை அழிக்கச் சொன்ன தன்னையா? எப்போதோ றுக்கியாவின் சொல்லைக் கேட்டிருந்தால் வட்டம் எங்கே கிடந்தால்தான் என்ன? பஸ்ஸில் சாம்பல்தீவு போய்ச் சேரும்வரை மனதுக்குள் இதே அரைப்புத்தான்.

“அக்கா, பிள்ளையின்ர உடுப்புகளைக் கட்டுங்கோ. பள்ளிக்கூடம் தொடங்க முந்திக் கூட்டிக்கொண்டு போறன்.”

அக்கா அலுமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். “மாற்றம் வரும், வரும் எண்டு நீதானே சொன்னனீ. வளத்த எனக்கு ஒரு மாசமாவது முந்திச் சொல்லியிருக்கலாமே.”



தை பிறந்து கடல் கொஞ்சம் அடங்கிய ஒரு காலையில் லோஞ்சு ஓடியது. அலை முற்றாக ஓயவில்லை. ஜெட்டியில் நின்ற அக்காவைப் பார்த்துப் பிள்ளை, “அம்மா, அம்மா” என்று தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்தில் இருந்த மூதூர்க்காரி ஒருத்தி, “அம்மா இந்தா பக்கத்தில இருக்காவே புள்ள” என்றாள். கமலாதேவி பிள்ளையின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நடுக்குடாவில் பிள்ளை அவள் சேலையில் சத்தி எடுத்தது. முந்தானையை நனைத்துப் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள். அழுது களைத்த முகத்தை அவள் மடியில் போட்டுக்கொண்டு பிள்ளை கேட்டது.

“டீச்சர், இன்னும் கனதூரமோ?”

மூதூர் இன்னும் ஒரு கோடாகத்தான் தெரிந்தது. லோஞ்சு ஏறி விழுந்தது. அவள் பிள்ளையின் கண்ணுக்கு முன் தன் விரலை நீட்டினாள்.

“இல்லையடா குஞ்சு. கிட்டத்தான். படத்தில ஒரு விரல்.”