நாலு மணி வேடிக்கை

ரிஷிவந்தியத்துல எழில்மதி டெய்லர் கடை எங்கன்னு கேட்டா யாரு வேணாலும் காட்டுவாங்க. கோயிலுக்குப் போற ரோட்டுல, உரக்கடைக்குப் பக்கத்துல, ரெண்டு மெஷின் போட்ட சின்னக் கடை. கடைக்காரி எங்கன்னு கேட்டாதான் ஒருத்தருக்கும் தெரியாது. நாலு மணி ஆச்சின்னா மெஷின நிறுத்திட்டு எழுந்து போயிடுவா. எங்கடி போறன்னா, வேடிக்கை பாக்கவாம்!

நான் பூமாலை. அந்தக் கடையில ஹூக் வெக்கிறது, ஓரம் தெக்கிறது, வர்ற துணிய வாங்கி நம்பர் போட்டுக் கட்டி வெக்கிறது எல்லாம் நான்தான். ஆறு வருஷம் ஆவுது. அதுக்கு முன்ன களையெடுக்கவும் நாத்து நடவும் போய்க்கினு இருந்தேன். முட்டி தேஞ்சி குனிய முடியாம வூட்டுல கெடந்தப்ப, "வந்து நாற்காலில உக்காந்து ஹூக் வெய்யிக்கா"ன்னு கூப்ட்டவ எழில்மதி. என்னிய விட பன்னெண்டு வயசு சின்னவ. அதனால அவளத் திட்ட எனக்கு உரிமை இருக்குது, திட்டவும் திட்டுவேன்.

பின்ன இன்னாங்க? முகூர்த்த மாசத்துல தலைக்கு மேல வேலை கெடக்கும். இந்தப் பொம்பள போயி பஸ் ஸ்டாப்புல நின்னுக்கினு சுவத்துல பாசி படிஞ்சிருக்கறதப் பாப்பா. தண்ணி டேங்குல துரு வழிஞ்சி கோடு கோடா எறங்கியிருக்குமே, அதப் பாப்பா. பூ கட்டற அம்மா எதிர்ல ஒரு நாள் அரை மணி நேரம் நின்னுட்டா. அந்தம்மா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, "பூ வேணுமா, வேணாமா? சொல்லித் தொலை"ன்னு கத்திட்டாங்க. பஸ்ல ஏறினா கடைசி சீட்டுதான். அங்க உக்காந்தாதான் அத்தினி பொம்பளைங்க முதுகும் தெரியுமாம். உளுந்தூர்பேட்டைக்கு நூல் வாங்கப் போறப்ப முன்னால சீட்டு காலியா இருக்கும், நான் இடுப்பு ஒடிய ஒடிய கடைசில குலுங்கிக்கினு போவேன்.

ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஞாயித்துக்கெழமையில கல்ராயன் மலைக்கு பஸ் ஏறிடுவா. ஒரு தபா என்னியும் இட்டுக்கினு போனா. ஏதோ வேண்டுதல் போலன்னு நானும் தலைக்கு ஊத்திக்கினு, நல்ல பொடவையா கட்டிக்கினு போனேன். கரியாலூர்ல எறங்கி ஒரு மரத்தடியில உக்காந்தோம். கொய்யாப்பழம் வாங்கிக் குடுத்தா, தின்னேன். "அப்பால?"ன்னேன். "அவ்ளோதாங்க்கா"ன்னா. ஏதோ ஒரு பூச்சி இலை மேல ஏறிக்கினு இருந்துது, அதயே பாத்துக்கினு இருந்தா. பஸ் வந்துது, திரும்பி வந்துட்டோம். எனக்கு வந்த கோவத்துக்கு ரெண்டு நாள் அவகிட்ட பேசல. ஆனா பாருங்க, அடுத்த வாரமே அந்தப் பூச்சி முதுகுல இருந்த வரி ஒரு ஜாக்கெட் கையில வந்து உக்காந்துது. அது மாதிரியே வேணும்னு கள்ளக்குறிச்சியில இருந்து டீச்சருங்க ரெண்டு பேரு தேடிக்கினு வந்தாங்க.

இவ புருஷன் அன்புச்செல்வன் லோடு ஆட்டோ ஓட்டறாரு, நல்ல மனுஷன். "எம்பொண்டாட்டி பாக்கற வேடிக்கைக்குக் கூலி குடுத்தா நாங்க எப்பவோ மாடி கட்டியிருப்போம்"னு சொல்லிச் சிரிப்பாரு. போன்ல போட்டோ காட்டி இதே மாதிரி தெச்சிக் குடுன்னு கேக்கற பொண்ணுங்ககிட்ட, "இத ஒருத்தி போட்டுட்டாளேம்மா, உனக்கு எதுக்கு?"ன்னு எழில்மதி கேப்பா. உரக் கம்பெனி குடுத்த பழைய டைரில பென்சிலால கிறுக்கி வெச்சிருக்கறத எடுத்துக் காட்டுவா. பாதி பேரு மூஞ்சத் தூக்கிக்கினு போயிடுவாங்க, மீதி பேரு அவளத் தவிர வேற யாருகிட்டயும் போவ மாட்டாங்க.

இந்த வைகாசில நடந்ததுதான் சொல்ல வந்தது. களமருதூர் தங்கதுரை வூட்டுல ரெண்டாவது பொண்ணு சுபஸ்ரீக்குக் கல்யாணம். பெரிய நெலக்காரங்க. பொண்ணோட அம்மா லட்சுமியம்மாள் கொல்லையில நான் பல வருஷம் களையெடுத்திருக்கேன், அவங்க கொரலு கேட்டாலே இன்னும் எனக்குத் தலை தானா குனியும். பொண்ணுக்கு மெட்ராஸ்ல வேலை. அது வரல, அம்மா மட்டும் வந்து பட்டுப் பொடவையும், அதுலயே வெட்டின ஜாக்கெட் துணியும் குடுத்துட்டுப் போனாங்க. பெரிய பொண்ணுக்கும் சாதாவா ஒரு ஜாக்கெட். சுபஸ்ரீ போன்லதான் எழில்மதிகிட்ட பேசுச்சு. "முதுகு முழுசா மூடற மாதிரி தெச்சிடுங்கக்கா, வேற எதுவும் வேணாம்"னு ஒரே பேச்சு.

எங்கப் பக்கம் டேப்பு வெச்சி அளக்கறதெல்லாம் ரொம்ப கம்மிங்க. உடம்புக்குச் சரியா இருக்கற பழைய ஜாக்கெட் ஒண்ணக் குடுத்துடுவாங்க, அதுக்குப் பேருதான் அளவு ஜாக்கெட். அதப் புதுத் துணியோட சேத்துக் கட்டி வெக்கணும், அது என் வேலை. அக்கா தங்கச்சி ரெண்டு பேரு அளவு ஜாக்கெட்டும் ஒரே மெரூன் கலரு. தீமிதி திருவிழாவுக்கு அந்த வூட்டு பொம்பளைங்க அத்தினி பேருக்கும் ஒரே துணிச்சுருள்ல வெட்டி எடுத்ததாம். லட்சுமியம்மாள் தெளிவாதான் சொன்னாங்க, இது பெரியவளுது, இது சின்னவளுதுன்னு. நான் ஒரு கையில வறுத்த மல்லாட்டைய ஒடச்சித் தின்னுக்கினு, போன்ல சீரியல ஓட உட்டுக்கினு, மாத்திக் கட்டிட்டேன். அன்னிக்கி அது எனக்கே தெரியாது.

எழில்மதி அந்தப் பட்டுல மரவள்ளி இலை போட்டா. முதுகு முழுக்க ஒரே இலை, ஏழு விரலையும் விரிச்சிக்கினு, நரம்பு நரம்பா ஜரிகை நூலு. கள்ளக்குறிச்சி ரோட்டோரத்துல நட்டிருக்கறத எத்தினி நாள் நின்னு பாத்தாளோ. பன்னெண்டு நாளு துணிய இழுத்துக் கட்டின சட்டத்து மேல கவுந்து கெடந்தா. முடிச்சப்ப நான் வாயத் தொறந்து நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டேன்னா பாத்துக்கங்க.

கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப, காலையில, அம்மாவும் பொண்ணும் போட்டுப் பாக்க வந்தாங்க. பொண்ணு கொழுகொழுன்னு லட்சணமா இருந்துது. தெரைக்குப் பின்னால போச்சு. ரொம்ப நேரம் ஆச்சு. அம்மா தெரைய வெலக்கிப் பாத்தாங்க. ஹூக்கு ஒண்ணோட ஒண்ணு கிட்டயே வரல.

"சோத்தக் கம்மி பண்ணு, கம்மி பண்ணுன்னு தலபாடா அடிச்சிக்கினேனே, கேட்டியாடி? நாளன்னிக்கி மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடி எப்படி நிப்ப? ஊரே சிரிக்கப் போவுது!"

"ரெண்டு மாசமா ராத்திரி சாப்பாடே இல்லம்மா" அப்படின்னுச்சு பொண்ணு.

எனக்கு எதுவோ உறுத்துச்சு. மாட்டியிருந்த பெரியவ ஜாக்கெட்ட எடுத்து விரிச்சேன். அக்காக்காரி ஒல்லி, எனக்கே தெரியும். இது பரந்து கெடக்குது. ஐயோ என் சாமி, அளவ மாத்திக் கட்டிட்டேன்! சொன்னா வேலை போச்சு. இந்த முட்டிய வெச்சிக்கினு மறுபடியும் எந்தக் கொல்லைக்குப் போறது? சொல்லாம இருந்தா யாருக்கும் தெரியாது, பொண்ணு குண்டாயிட்டான்னு முடிஞ்சிடும். ஜாக்கெட்ட மடிச்சி திரும்ப வெச்சிட்டேங்க. பொய் சொல்ல மாட்டேன், வெச்சிட்டேன்.

அப்பால அந்தப் பொண்ணப் பாத்தேன். அழுதுக்கினே, தன் கைச் சதையத் தானே கிள்ளிக்கினு நின்னுது. செவந்து போற அளவுக்குக் கிள்ளுது. அதுக்கு மேல என்னால முடியல.

"அம்மா, பொண்ணு மேல தப்பு இல்லீங்க. நான்தான் அளவு ஜாக்கெட்ட மாத்திக் கட்டிட்டேன். இது பெரியவங்க அளவுங்க."

லட்சுமியம்மாள் உட்டாங்க பாருங்க ஒரு ஏச்சு! "உன் கண்ணு எங்கடி போச்சு? களையெடுக்கறவளக் கொண்டாந்து கடையில உக்கார வெச்சா இப்படித்தான்!" எழில்மதிதான் குறுக்க வந்தா. "கட்டினது அக்காதாம்மா, வெட்டினது நானு. கேட்டுட்டு வெட்டியிருக்கணும். அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. நாளைக்கி மதியம் வாங்க, சரி பண்ணிக் கையில குடுக்கறேன்"னா.

அவங்க போனதும் பக்கத் தையலப் பிரிச்சா. உள்ள மடிச்சி உட்ட துணி முழுக்க எறக்கினா. கையையும் எறக்கினா. அப்பவும் நாலு விரக்கடை பத்தல. வேற துணியும் கெடையாது. சோறு தண்ணி இல்லாம ரெண்டு பேரும் அதயே பாத்துக்கினு உக்காந்திருந்தோம்.

மணி நாலாச்சு. எழுந்தாங்க மகராசி!

"ஏம்மா, உனக்கு மூளை கீளை இருக்குதா? ஒரு பொண்ணோட கல்யாணம் இங்க தொங்கிக்கினு கெடக்குது, இன்னிக்கிமா?"ன்னு கத்தினேன். "சும்மா ஒரு நட"ன்னு போயிட்டா. எனக்குப் பொறுக்கல, கடையத் தொறந்து போட்டுட்டு, திட்டிக்கினே பின்னாடி போனேன்.

பஸ் ஸ்டாப்புல ஒரு மினி லாரி. பருத்தி மூட்டைய ஏத்திட்டு ரெண்டு ஆளு கயிறு கட்டிக்கினு இருந்தாங்க. குறுக்கும் நெடுக்குமா இழுத்துக் கட்டறாங்க. கயிறுக்கு நடுவுல மூட்டை மெத்துமெத்துன்னு கட்டம் கட்டமாப் பொதபொதன்னு வெளிய வருது. இவ கண்ணக் கொட்டாம நின்னா.

"எவ்ளோ அழகு பாருக்கா."

"பருத்தி மூட்டை அழகா?"

"கயிறு மூட்டைய அடக்கல பாரு, புடிச்சிக்கினு மட்டும் இருக்குது."

"தாயே, இத அந்தப் பொண்ணு காதுல மட்டும் போட்டுடாத"ன்னேன். அவ காதுலயே வாங்கல, விடுவிடுன்னு கடைக்கித் திரும்பிட்டா.

வந்தவ கத்திரிய எடுத்து, இலையோட நடு நரம்பு மேல வெச்சி மேல இருந்து கீழ வரிக்கும் ஒரே வெட்டு. நான் அலறிட்டேன். பன்னெண்டு நாளு வேலைங்க! அவ கண்ணுலயும் தண்ணி நின்னுது, துடைச்சிக்கினா. அப்பால பொண்ணுக்கு போன் போட்டு, பொடவையில உள்ள சொருகற பக்கம் ஒரு சாண் வெட்டிக்கட்டுமான்னு கேட்டா. அந்தப் பொண்ணு பாவம், "என்னமோ பண்ணுங்கக்கா"ன்னுச்சு. ஒட்டுப் போட்டுடலாமேன்னு நான் சொன்னேன். ஒட்டு போட்டா ஒட்டுன்னுதான் தெரியும்னுட்டா. அந்தத் துணிய மெல்லிசாக் கயிறு கயிறாத் தெச்சி, ஊசி உட்டு உள்வெளியாப் புரட்டற வேலை எனக்கு. புரட்டிப் புரட்டி வெரலு நுனி மரத்துப் போச்சு. வெட்டின ரெண்டு பக்கமும் வளையம் வெச்சி, கயித்தக் குறுக்கால மாத்தி மாத்திக் கோத்தா. கயிறு சேர்ற எடத்துல எல்லாம் ஒரு முத்து. இழுத்தா இறுகும், உட்டாத் தளரும். இலை ரெண்டா விரிஞ்சி, நடுவுல வலை.

மறுநாள் மதியம் பொண்ணு போட்டுப் பாத்துது. அளவு கச்சிதம். ஆனா கண்ணாடியில திரும்பிப் பாத்துட்டு மொகம் வாடிடுச்சு. "முதுகு தெரியுதேக்கா."

"தெரியுது. நல்லாதான இருக்குது?"ன்னா எழில்மதி.

லட்சுமியம்மாள் ஒதட்டப் பிதுக்கினாங்க. "பூ வெச்ச ஜடைய மேல போட்டு மூடிக்கலாம், உடு." பின்னால இருந்து கயிறு கட்ட ஆளு வேணுமேன்னு என்னியும் மண்டபத்துக்கு வரச் சொன்னாங்க.

உளுந்தூர்பேட்டையில மண்டபம். சாயங்காலம் பொண்ணழைப்பு. பொண்ணு அறையில எனக்கும் எழில்மதிக்கும் எடம் போட்டிருந்தாங்க. நான் ஒவ்வொரு வளையமாப் பாத்துக் கயித்தக் கட்டினேன். இந்தத் தபா வாயிலயும் கையிலயும் ஒண்ணும் கெடையாதுங்க. சொந்தக்காரப் பொண்ணுங்க நாலஞ்சி சுத்தி நின்னு, "இத எங்க தெச்ச, யாருகிட்ட தெச்ச"ன்னு தொட்டுத் தொட்டுப் பாத்துதுங்க. மெலிஞ்ச பொண்ணு ஒண்ணு, தனக்கும் இதே வேணும்னுச்சு. சுபஸ்ரீ கண்ணாடியில அவங்க மொகத்த எல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்துது.

லட்சுமியம்மாள் பூ ஜடையத் தூக்கிக்கினு வந்து முதுகுல போட்டாங்க. பொண்ணு அத எடுத்து, தோளுக்கு முன்னால போட்டுக்குச்சு.

"முன்னாலயே இருக்கட்டும்மா."

"முதுகு தெரியும்டி."

"தெரியட்டும்."

அந்தம்மா ஜடை நுனிய நேராக்கி உட்டாங்க. வெளிய நாதஸ்வரம் ஆரம்பிச்சிடுச்சு. நான் கடைசி முடிச்சப் போடப் போனேன். சுபஸ்ரீ மெதுவா என் பக்கம் திரும்புச்சு.

"பூமாலக்கா, கொஞ்சம் லூசாக் கட்டுங்க. இன்னிக்கி நான் நல்லா சாப்புடணும்."

ரெண்டு விரலு எடம் உட்டுக் கட்டினேன்.