ரின்னில் மேலே வைத்த துண்டு

போன சனிக்கிழமை ஒரு மீன் ரின்னைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, திறக்கத் துணிவில்லாமல் அரை மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பது நோர்வேயின் வடக்கே ஒரு சின்னத் துறைமுகப் பட்டினம். இங்கே மீனுக்குப் பஞ்சமில்லை. இறங்குதுறைக்கு நடந்தால் கை நீளத்துக்கு உடன்மீன் கிடைக்கும். அப்படிப்பட்ட ஊரில் தகரத்தில் அடைத்த மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துத் தமிழ்க் கடைக்கார அண்ணைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தொண்டைமானாற்றுக் கடற்கரை ஆள் ஒருவர் ரின் மீன் வாங்குவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். சிரிக்கட்டும், அவருக்கு என்ன தெரியும்? கீழ்த்தட்டில் அந்தச் சிவப்பு லேபிளைக் கண்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அது என் அக்கா வேலை செய்யும் தொழிற்சாலையின் ரின்.

அக்கா முன்பு தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் மீன் விற்றவள். அத்தான் கடலால் வந்ததும் கடகத்தில் அள்ளிக்கொண்டு போய்க் குந்திவிடுவாள். விலையில் ஒரு சதம் இறங்கமாட்டாள், வாய் அப்படி. ஆனால் விலை பேசி முடிந்து, மீனை வெட்டிப் பையில் போட்ட பிறகு, இன்னொரு சின்னத் துண்டை எடுத்து மேலே வைப்பாள். "உது பிள்ளையளுக்கு" என்பாள். கலியாணமே கட்டாத தபால்காரருக்கும் அதையே சொல்லி வைப்பாள். அவரும் வாங்கிக்கொண்டு போவார். எங்கள் கரையில் மீன் விற்ற பெண்கள் எல்லோரிடமும் இந்தப் பழக்கம் இருந்தது. மேலே ஒரு துண்டு வைக்காமல் பையை நீட்ட அவர்களுக்குக் கை கூசும்.

அத்தானுக்கு நாரி விட்டுப்போய், இடுப்பை நிமிர்த்த ஏலாமல் போனதால், இனிக் கடல் பக்கமே போகக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மூன்று பிள்ளைகள். அக்கா நாற்பது வயதில் தலைக்குத் தொப்பியும் கைக்கு உறையும் போட்டுக்கொண்டு மீன் ரின் தொழிற்சாலைக்குப் போனாள். அந்த வேலையும் இல்லையென்றால் அடுப்பு எரிய வேறு வழியில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெட்டிய மீனைத் தராசில் நிறுத்து ரின்னில் அடுக்குவதுதான் வேலை. முதல் கிழமை முடியவில்லை, அதற்குள் மூடி போடும் மெசின் அக்காவின் மேசையிலிருந்து போன ரின்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடத் தொடங்கியது. மூடி பொருந்தவில்லை. எடுத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் நிறுத்த மீனுக்கு மேலே ஒரு வால்துண்டு. ஒரு நாள் வேலை முழுக்க வீண்.

மேற்பார்வை செய்யும் பெண்ணை அங்கே எல்லோரும் மிஸ் என்பார்கள். அவர் அக்காவை அத்தனை பேருக்கும் முன்னால் நிறுத்தி, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாராம். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, தான் சொன்ன மறுமொழியை அக்கா எங்களுக்கு அப்படியே சொன்னாள்.

"வாங்கிற சனத்தின்ரை முகம் எனக்குத் தெரியாதுதான் மிஸ். அதுக்காக மேலை ஒண்டும் வையாமல் அனுப்பேலுமோ?"

அத்தான் படுத்த பாயில் கிடந்தபடி, நாளைக்குப் போய் மன்னிப்புக் கேள் என்று கெஞ்சினார். அக்கா போனாள். மன்னிப்புக் கேட்டிருக்கமாட்டாள், அவளை எனக்குத் தெரியும். மிஸ்ஸுக்கு முன்னால் தராசடியில் நின்று, துண்டுகளைக் கொஞ்சம் ஒடுக்கி வெட்டி, மிச்ச நிறைக்கு ஒரு வால்துண்டை மேலே படுக்க வைத்துக் காட்டினாளாம். நிறையும் சரி, மூடியும் சரி. வேலை போகாமல் தப்பியது. பிறகு அந்த மேசைகளுக்கெல்லாம் அவளே பொறுப்பாகி, புதிதாக வரும் பெண்களையும் அப்படியே வைக்கப் பழக்கிவிட்டதாகச் சொல்வாள்.

உண்மையைச் சொன்னால் நான் இதை முழுதாக நம்பியதில்லை. அக்கா கொஞ்சம் அளப்பாள். எங்கள் வீட்டில் ரின் மீன் வாங்குவதும் இல்லை. அந்தச் சிவப்பு லேபிள் ஒட்டிய வெறும் பெட்டிகளில் மருமக்கள் பள்ளிக்கூடப் புத்தகம் அடுக்கி வைத்திருந்ததால்தான் எனக்கு அது பழக்கம். உள்ளே எப்படி இருக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது திறந்து, அந்தத் துண்டு இல்லாவிட்டால்? அக்காவை நினைத்து நான் மார்தட்டியதெல்லாம் என்ன ஆவது?

விளையாடிவிட்டுப் பசியோடு வந்த மகள் கேட்டபோது வேறு வழியில்லாமல் திறந்தேன். இருந்தது. குறுக்காக, எல்லாவற்றுக்கும் மேலே, என் பெருவிரல் அளவில் ஒரு வால்துண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாலத்தடியில் குந்தியிருந்த என் அக்கா, முகம் தெரியாத சனத்துக்கெல்லாம் தன் கை வழக்கத்தைக் கடல் கடந்து அனுப்பிக்கொண்டிருக்கிறாள். மறைப்பானேன், அந்த நேரம் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

உடனே ஊருக்குப் போன் எடுத்து, அவளுடைய தொழிற்சாலை ரின்னைத் திறந்ததைச் சொன்னேன். ருசி எப்படி என்று அக்கா கேட்கவில்லை.

"மேலை துண்டு இருந்ததோ?"

"ஓம் அக்கா. இருந்தது."

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்.

"அப்ப என்னத்துக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? உது பிள்ளையளுக்கெல்லோ."

நான் ரின்னைத் திரும்பிப் பார்த்தேன். மகள் அந்தத் துண்டை ஏற்கெனவே தின்று முடித்துவிட்டு, விரலைச் சூப்பிக்கொண்டு நின்றாள்.