பிராக் நகரத்தில் ஒரு பிடி மண்

ஐரோப்பா டூர் போகிறோம் என்றதும் மாரண்டஹள்ளியில் ஆளாளுக்கு ஒரு பேச்சு. "அட்டா, தக்காளி வெல உனக்கு மட்டும் ஏறிடுச்சாக்கும்?" என்று மண்டியில் ஒருவர் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன். எனக்குக் காய்கறி நாற்று வளர்த்து விற்கிற நர்சரி. என் மனைவி மாதம்மாள்தான் அங்கே நாற்று விடும் குழித்தட்டு நிரப்புவதில் கெட்டிக்காரி. ராயக்கோட்டை, ஓசூர் வழியாக பெங்களூரு விமான நிலையம் வரை சுமார் நூற்றிருபது கிலோமீட்டர்.

நாங்கள் வேடிக்கை பார்க்கக் கிளம்பவில்லை. எங்கள் ஒரே மகன் முனிராஜ், செக் நாட்டின் தலைநகரமான பிராக்கில் படித்துக்கொண்டிருந்தான். போன வருஷம் மழையில் சைக்கிளில் போனவன், டிராம் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிக் கல்லில் தலை மோதி, அந்த இடத்திலேயே போய்விட்டான். உடம்பு பெட்டியில் வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள். திறக்காமலே எங்கள் நிலத்தில் அடக்கம் செய்தோம்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. விபத்தில் போனவர்களை அந்த இடத்திலேயே விட்டுவிடக் கூடாது. பெற்றவள் போய், மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட்டு, அங்கே ஒரு பிடி மண் அள்ளி முந்தானையில் முடிந்துகொள்ள வேண்டும். அப்புறம் திரும்பிப் பார்க்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது. வீட்டு வாசலில் நின்று "உள்ள வா" என்று சொல்வதுதான் அவள் பேசும் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். பக்கத்துப் பாலக்கோட்டில் விபத்து என்றால் ஒரு மணி நேரத்தில் முடிகிற காரியம். எங்களுக்குக் கடல் தாண்ட வேண்டியிருந்தது. தனியாகப் போனால் விசா கிடைப்பது கஷ்டம் என்றார்கள். அதனால் ஒரு சுற்றுலாக் குழுவில் சேர்ந்தோம்.

வியன்னாவில் இறங்கி இரண்டு நாள் அரண்மனை அரண்மனையாக இழுத்தடித்தார்கள். ஒன்றும் மனசில் நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் பிராக்குக்குப் புறப்பட்டோம், முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். வழியெல்லாம் கோதுமை வயல், ஆள் நடமாட்டமே இல்லை. பக்கத்து இருக்கையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"பையன் வெளிநாட்டுல இருக்கானுங்களா? அவன் அனுப்பி வெச்ச டூருங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, பையன்தான்" என்றேன். பொய் இல்லை. அவன் பேரில் வந்த இன்சூரன்ஸ் பணம்தான் அது. வேறு எதற்கும் அதைத் தொட மாதம்மாள் விடவில்லை.

பிராக் அழகான ஊர், இல்லை என்று சொல்ல மாட்டேன். நடுவில் வல்டாவா ஆறு, மேலே கோட்டை, ஊசி ஊசியாகக் கோபுரங்கள். பழைய நகரச் சதுக்கத்தில் ஒரு பெரிய கடிகாரம் இருக்கிறது. மணி ஆகும்போது அதிலுள்ள எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்கும். அதைப் பார்க்க நூற்றுக்கணக்கான பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள். கழிப்பறைக்குப் போக இருபது க்ரவுன் கேட்கிற ஊரில் இது மட்டும் இலவசம்.

"எமன மணியடிக்க வெச்சுட்டு, கை வேற தட்றாங்க பாருங்க" என்றாள் மாதம்மாள். அவளை அங்கிருந்து நகர்த்திக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் எனக்குக் கவலை தந்தது எலும்புக்கூடு இல்லை, தரை. எங்கே பார்த்தாலும் கல். தெரு, நடைபாதை, சதுக்கம் எல்லாமே சின்னச் சின்னச் சதுரக் கல்லாக இறுக்கிப் பதித்திருக்கிறார்கள். "ஏங்க, இந்த ஊருல மண்ணே இல்லையாட்ட இருக்குது" என்று அவளும் மெதுவாகச் சொன்னாள்.

மறுநாள்தான் கடைசி நாள். மதியம் வரை அவரவர் இஷ்டம், பிறகு நேராக விமான நிலையம் என்று சொல்லியிருந்தாள் குழுவை நடத்தி வந்த சென்னைப் பெண் ரேவதி. எல்லோரும் கடைவீதிக்குப் போனார்கள். நாங்கள் டிராம் ஏறினோம். அரை மணி நேரச் சீட்டு முப்பது க்ரவுன், நம் பணத்தில் நூறு ரூபாய்க்கு மேல். ஆற்றைத் தாண்டி மாலா ஸ்ட்ரானா என்ற பகுதியில் இறங்கி, மகனின் நண்பன் போனில் அனுப்பியிருந்த படத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தோம். சரிவான தெரு. தண்டவாளம் வளைகிற இடம். எதிரில் ஒரு காபிக்கடை, மஞ்சள் சுவர். அவ்வளவுதான். ஒரு அடையாளமும் இல்லை.

மாதம்மாள் கூப்பிட்டாள். "முனிராஜு... அப்பா முனிராஜு... வூட்டுக்கு வாடா முனிராஜு." நடந்து போனவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

பிறகு குந்தி உட்கார்ந்து கொண்டை ஊசியால் கல் இடுக்கைக் கீறினாள். கறுப்புச் சகதியும் சிகரெட் துண்டும்தான் வந்தன. டிராம் மணியடித்தது. தோளைப் பிடித்து இழுத்தேன். வரமாட்டேன் என்று கையை உதறினாள். அய்யோ, அந்தக் கோலத்தை எந்தப் புருஷனும் பார்க்கக் கூடாது.

காபிக்கடையிலிருந்து ஒரு அம்மாள் வெளியே வந்தார். என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், செல்போனில் மகன் படத்தைக் காட்டி, தண்டவாளத்தைக் காட்டி, மண் வேண்டும் என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே ஓடி ஒரு கரண்டி எடுத்துவந்து, கடை வாசலில் சிவப்புப் பூச்செடி வைத்திருந்த தொட்டியைக் காட்டி, "எடுங்கள், எடுங்கள்" என்றார். மாதம்மாள் கரண்டியை வாங்கவில்லை. கையாலேயே ஒரு பிடி அள்ளி, முந்தானையில் முடிந்து, எழுந்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அம்மாளைக் கும்பிட்டுவிட்டு நான் பின்னால் போனேன். டிராமில் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரலிடுக்கில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். பழுப்பு நிறம், கனமே இல்லை, அழுத்தினால் மெத்தென்று எழும்பியது, உள்ளே மெல்லிய நார்.

மண் இல்லை. தேங்காய் நார்த்தூள். கட்டி கட்டியாக அமுக்கி, நம் பக்கத்திலிருந்து கப்பலில் போகிற சரக்கு. எங்கள் நர்சரியில் மூட்டை மூட்டையாகக் கிடப்பதும் அதுதான். தினமும் அதில்தான் எங்கள் கை கிடக்கிறது.

சொல்லலாமா? எப்படிச் சொல்வேன்? திரும்பிப் போக நேரம் இல்லை, போனாலும் அங்கே மண் இல்லை. அவளோ பேச்சை நிறுத்திவிட்டாள். பாவி மனுஷி, துக்கத்தில் கை மரத்துப் போயிருக்கும், தெரிந்திருக்காது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

பஸ்ஸில், "அங்கிள், ஆன்ட்டி ஏன் பேசவே மாட்டேங்கறாங்க?" என்று ரேவதி கேட்டாள். தொண்டை கட்டிவிட்டது என்றேன். கோயம்புத்தூர்க்காரர் மிட்டாய் ஒன்று நீட்டி, "ஐஸ்க்ரீம் சாப்ட்டிருப்பாங்க" என்று சிரித்தார். விமான நிலையச் சோதனையில் ஒரு பெண் காவலர் முந்தானை முடிச்சைப் பிரிக்கச் சொன்னார். மாதம்மாள் பிரித்துக் காட்டினாள். அவர் முகர்ந்து பார்த்து, டீத்தூளா என்று கேட்டார். "ஆமாம், டீ" என்றேன். சிரித்து அனுப்பிவிட்டார்.

பெங்களூருவில் பாஸ்போர்ட் பார்த்தவர் அவளிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார். "அவ்ரிகெ மாத்து பரல்ல சார்" என்றேன், அவளுக்குப் பேச்சு வராது என்று.

மறுநாள் விடிந்த பிறகு வீடு வந்தோம். உறவுக்காரர்கள் வாசலில் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்தார்கள். பெட்டியை இறக்கிவிட்டு நான் ஒதுங்கி நின்றேன். "உள்ள வா" என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை தூரம் போனது.

அவள் வாசலில் நின்றாள். முடிச்சைப் பிடித்தபடி நிலைப்படியைப் பார்த்தாள். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு நர்சரிக் கொட்டகைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். நார்த்தூள் குவியல்மேல் முந்தானையைப் பிரித்து உதறினாள்.

"அள்ளும்போதே தெரியுமுங்க" என்றாள். "நம்மூரு நாரு வந்துருச்சு. எம் புள்ள வல்லீங்க."

உதறியது எது, ஏற்கெனவே கிடந்தது எது என்று அந்தக் குவியலில் எனக்குத் தெரியவில்லை.