தண்ணீர் இல்லாத கதை

கதை சொல்லிச் சம்பளம் வாங்குவது சுகமான வேலை என்று நினைப்பவர்கள், கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகத்தை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்கள். முகாம்களில் பிள்ளைகளை வைத்திருந்த என் சக டீச்சர்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சுனாமியாகக் கடல் வந்துபோன அடுத்த மாதம், கல்முனையில் ஒரு பாடசாலை வளவில் இருந்த முகாமில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. நான் சொறிக்கல்முனைக் கத்தோலிக்கப் பெண். பட்டம் முடித்திருந்தாலும் பெரியவர்கள் முன்னால் என் குரல் தொண்டையைத் தாண்டாது. என்னோடு வேலை செய்த நஸீரா சம்மாந்துறை முஸ்லிம் பெண். முகாமில் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். மதம் மாற்ற ஆள் வந்திருக்கிறது என்று பேச்சு வரக்கூடாது என்பதற்காக முகாம் தலைவர் ஒரு நிபந்தனை போட்டார். உங்கள் பைபிளிலும் எங்கள் குர்ஆனிலும் இருக்கிற கதைகளை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

அக்காவை அங்கே ராத்தா என்பார்கள்; ஸீனத் ராத்தாவை முதல் நாளே கண்டேன். கடல் கொண்டுபோன அவருடைய மகன் ரிபாஸின் உடல், அவர்கள் சொல்லில் மய்யித்து, கிடைக்கவில்லை. மகள் ஷிபானாவைக் காலையில் எங்கள் கூடாரத்தில் விட்டுவிட்டு, மகனைத் தேடி ஆஸ்பத்திரி, கடற்கரை, பக்கத்து முகாம்கள் என்று போவார், பொழுதுபடத்தான் திரும்புவார். மய்யித்து இல்லாமலே, இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையை முடித்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னதற்கு அவர் இணங்கவில்லை. ஷிபானா பகல் சோற்றைத் தொடுவதில்லை. உம்மா வரட்டும் என்பாள். நாளுக்கு நாள் அந்தக் கை மெலிந்துகொண்டே போனது.

பெட்டகத்தில் ஏறிய பிள்ளைகள்

நோவாவின் கதை எந்தப் பிள்ளைக்கும் பிடிக்கும். ஆளுக்கொரு மிருகமாகச் சோடி சேர்ந்து, வெள்ளத்துக்குத் தப்ப அவர் கட்டிய பெட்டகத்தில் ஏறலாம், தண்ணீர் வற்றியதா என்று பார்க்கப் புறா விடலாம். எங்கள் ஊர் ஞாயிறு வகுப்பில் இதைப் பலமுறை நடித்திருக்கிறோம். அந்த நம்பிக்கையில் தொடங்கினேன். யானைகள் ஏறின, மாடுகள் ஏறின, எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மழை தொடங்கியது என்றேன்.

ஒரு பிள்ளை எழும்பி வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. அடுத்தது போனது. கொஞ்ச நேரத்தில் கூடாரம் முழுக்கச் செருப்புப் போட்ட கால்கள், ஓடத் தயாராக. எனக்கு மழையை நிறுத்தவும் தெரியவில்லை, மேலே சொல்லவும் தெரியவில்லை. நஸீரா என் காதில் சொன்னாள்: "கெதியா அந்தப் புறாவ விடு புள்ள. தண்ணி வத்தினாத்தான் இதுகள் செருப்பக் கழட்டும்."

மீன் கக்கிய கரை

யோனாவின் கதையை நானாகத் தொடவில்லை. தாய்மார்தான் கேட்டார்கள். அவர்களுக்கு அவர் யூனுஸ் நபி. மீன் வயிற்றின் இருட்டில் அவர் ஓதிய துஆவை, கஷ்டம் வந்தால் இவர்களும் ஓதுவார்களாம். நான் அந்த இடத்துக்கு வந்தபோது, கூடாரத்துக்கு வெளியே நின்ற பெண்களின் உதடுகள் அசைந்தன. எவ்வளவு ஆழத்திலிருந்து கூப்பிட்டாலும் கேட்கும் என்பதற்கு அவர்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்த மீன்தான். நானும் கொஞ்சம் தைரியமாகி, மூன்றாம் நாள் மீன் அவரை உயிரோடு கரையில் கக்கியது என்று குரலை உயர்த்தி முடித்தேன்.

பிள்ளைகள் கலைந்த பிறகு ஸீனத் ராத்தா வந்தார். அன்றைக்கு வேளைக்கே திரும்பியிருந்தவர், கதையைக் கேட்டிருக்கிறார். மீன் கக்கியது எந்தக் கரையில் என்று கேட்டார். பைபிளில் அந்தக் கரைக்குப் பெயர் இல்லை. தெரியாது என்றேன். மறுநாள் அவர் தெற்கே திருக்கோவில் ஊர் வரைக்கும் போய் இருட்டிய பிறகுதான் வந்தார். ஷிபானா அதுவரை வாசலிலேயே இருந்தாள். அவர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "கரைக்குப் பேர் இல்லாட்டியும் பரவால்ல டீச்சர், வடக்கா தெற்கா எண்டாச்சும் போட்டிரிக்கா?"

யாக்கோபு பார்த்த அங்கி

அதற்குப் பிறகு தண்ணீர் இல்லாத கதை தேடி பைபிளைப் புரட்டினேன். மோசே என்றால் செங்கடல், இயேசு என்றால் படகும் புயலும். கடைசியில் யோசேப்பு அகப்பட்டார். சகோதரர்கள் அவரைத் தள்ளிய குழியில் தண்ணீர் இல்லை என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அந்த வசனத்தைக் கண்டபோது வந்த ஆறுதல் பரீட்சையில் பாஸானபோதுகூட வரவில்லை. ஸீனத் ராத்தாவின் தம்பியும் அன்று காலை வந்து, ராத்தாவுக்கு மனம் ஆறுகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் என்று பணிவாகக் கேட்டிருந்தார்.

பைபிளில் உள்ளபடியே சொன்னேன். சகோதரர்கள் காட்டிய இரத்தம் தோய்ந்த அங்கியைக் கண்ட தந்தை யாக்கோபு, மகன் இறந்தான் என்று நம்பி அழுதார். குர்ஆனில் அந்த இடம் வேறு மாதிரி என்பதை நான் யோசிக்கவே இல்லை. இரண்டு வேதத்திலும் உள்ள கதை என்றால் இரண்டிலும் ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டேன். நஸீரா என் கையைக் கிள்ளுவதற்குள் ஸீனத் ராத்தா கூடாரத்துக்குள் வந்துவிட்டார். கோபமில்லை, கெஞ்சலுமில்லை. தவணைக் கணக்கில் பிழை திருத்துகிறவர் மாதிரிச் சொன்னார்: "யஃகூப் நபி நம்பல்ல டீச்சர். சட்டையப் பாத்தும் நம்பல்ல. கடைசியில மகன் வந்தாரா இல்லையா?"

மற்ற ஆடுகள்

ஆறுதல் சொல்லப் போய் அந்தத் தாயை இன்னும் தூரம் அனுப்பிவிட்டேன். மறுநாள், காணாமற்போன ஆட்டின் கதையைச் சொல்வோமா என்று நஸீராவிடம் கேட்டேன். குர்ஆனில் இல்லாத கதை, தலைவர் அறிந்தால் வேலை போகும் என்றாள். பிறகு, அதில் வெள்ளம் இல்லை, மய்யித்து இல்லை, சொல்லு என்றாள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிரியமான கதை அது. நூறு ஆடுகளில் ஒன்று தவறினாலும் மேய்ப்பன் தேடி வருவான் என்பதைக் கேட்கும்போது, நாம் எல்லாரும் நம்மை அந்த ஒற்றை ஆடாகத்தான் நினைத்துக்கொள்வோம்.

பஸ் பிந்தியதால் ஸீனத் ராத்தா பையோடு வாசலில் நின்றார். மேய்ப்பன் ஆட்டைத் தோளில் தூக்கிய இடத்தில், ஒருநாளும் கேள்வி கேட்காத ஷிபானா கையை உயர்த்தினாள். "ஓராட்டத் தேடிப் போன நேரம் மத்த ஆடெல்லாத்தையும் ஆரு பாத்த டீச்சர்?" அவற்றை வெளியில் விட்டுப் போனான் என்றுதான் பைபிளில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் பாயின் ஓரத்தைச் சரிசெய்தேன். வாசலைப் பார்க்கவும் பயம்.

பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. யாரும் ஏறவில்லை, போய்விட்டது. ஸீனத் ராத்தா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மகளுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். மகளின் முகத்தைப் பார்க்க அவருக்கும் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தே கேட்டார்: "மத்த ஆடு இண்டைக்கு என்ன திண்ட எண்டு கேளுங்க டீச்சர்."

ஜும்ஆவுக்குப் பிறகு

இரண்டு வெள்ளி கழித்து, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ரிபாஸுக்கு ஜனாஸாத் தொழுகை நடந்தது. ஸீனத் ராத்தாவே சம்மதித்தாராம். ஒரு தாயிடம் மிஞ்சியிருந்த நம்பிக்கையை என் ஆட்டுக் கதைதான் பறித்துவிட்டதோ?

அவருடைய கூடாரத்துக்குப் போனேன். ஷிபானாவுக்கு மீன்முள் எடுத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். கடல் வந்த நாளுக்குப் பிறகு அந்தக் குடும்பம் மீன் சமைத்தது அன்றைக்குத்தான். மன்னியுங்கள் ராத்தா என்றேன். அவர் அடுத்த கவளத்தை உருட்டியபடி சொன்னார்: "தொழுதாத் தொழட்டுமே டீச்சர். நாளைக்கு அவன் வந்து நிண்டா, அதுக்கா கோவிக்கப் போறான்?"

யுத்தம் முடிந்த வருடம் இன்னொரு முகாமில் இதே வேலைக்கு என்னை எடுத்தவர்கள் அனுபவம் உண்டா என்று கேட்டபோது உண்டென்றுதான் சொன்னேன், ஒரு கதையைத் தொடங்குமுன் கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பயப்படுவதற்குப் பெயர் அனுபவம் என்றால்.